செல்லக்கிளி சொல்லாமல் விட்ட சேதி

செல்லக்கிளிக்குக் கோபம் லேசில் வராது. வந்துவிட்டால் லேசில் போகாது. திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்த காலமெல்லாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். ரயிலைத் தவறவிட்டவர்கள், வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுபோனவர்கள், சில்லறை கொண்டுவராதவர்கள். அதில் ஒன்றைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. "அவங்களுக்கு ரயில் மேல கோபம். நான் எதிர்ல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள்.

கணவர் நல்லுசாமி அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். பிள்ளைகள் இல்லை. இருவரும் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். அவள் ஓய்வுபெற்ற மறுவருஷம், ஒருநாள் காலை காபி கலந்துகொண்டு போய் எழுப்பியபோது நல்லுசாமி எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐஸ் பெட்டியைக் கீழே பார்க்கிங்கில் வைப்பது என்று முடிவாயிற்று. உடலை வெளியே கொண்டுவந்து லிப்ட் பக்கம் திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். லிப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'லிப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம். செயலாளர்.'

அரை மணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் அதே லிப்டில்தான் இறங்கிப் போயிருந்தார்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் செந்தமிழன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டாவது மாடிக்காரர். கூப்பிட்டதும் வந்து கைகூப்பி நின்றார். "திடீர்னு நின்னுடுச்சுங்க. மெக்கானிக் நாளைக்குத்தான் வர முடியுமாம். மன்னிச்சுக்குங்க" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஜமுக்காளத்தில் கிடத்தி, ஆண்கள் நாலு மூலையிலும் பிடித்துப் படிக்கட்டில் இறக்கினார்கள். குறுகலான படி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் பிடித்திருந்த ஒருவருக்குக் கை நழுவியது. நல்லுசாமியின் தலை சுவரில் இடித்தது. பெரிய சத்தம் இல்லை. தேங்காயைத் தரையில் வைப்பதுபோல ஒரு சத்தம். "மெள்ள, மெள்ள" என்று பின்னால் வந்த செல்லக்கிளி கத்தினாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் கத்தவில்லை. அழவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பால்காரர் லிப்டில் மேலே வந்தார். கதவைத் திறந்து பால் பாக்கெட்டை வாங்கிய செல்லக்கிளி, அவர் மறுபடி லிப்டுக்குள் ஏறுவதையும் கதவு மூடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இரவில் எந்த மெக்கானிக்கும் வரவில்லை என்பதை வாட்ச்மேன் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்த லிப்டில் கால் வைக்கவில்லை. காய்கறிப் பையோடு முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள். எதிரே செந்தமிழன் வந்தால் "வணக்கம் சார்" என்பாள். அவரும் "வணக்கங்க மேடம், லிப்ட் இருக்கே" என்பார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருங்க" என்பாள். இப்படி இரண்டு வருஷம் போனது.

கப்பல் பயணப் பேச்சை எடுத்தது டோரதி. டிக்கெட் கவுன்டரில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், மேலப்புதூர்க்காரி. அவளுடைய அக்கா மகன் ஆசீர் தில்லைநகரில் டிராவல்ஸ் நடத்துகிறான். சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் ஒரு சொகுசுக் கப்பலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். செல்லக்கிளியின் குடியிருப்பிலிருந்தே பாதிப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"வாழ்நாள் பூரா அடுத்தவங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தோம். நாம எங்கடி போனோம்? வா, ஒரே ரூம்ல தங்கிக்கலாம்" என்றாள் டோரதி.

"அந்த ஆளு வர்றாருல்ல?"

"வந்தா என்ன? கப்பல் எவ்வளவு பெருசு. அவரு ஒரு மூலை, நாம ஒரு மூலை."

டோரதிக்கு எல்லாம் தெரியும். செல்லக்கிளி யோசித்தாள். கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். நல்லுசாமிக்குக் கப்பல் எஞ்சின் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. சரி என்றாள்.

கிளம்புவதற்குப் பல நாட்களுக்கு முன்பே செந்தமிழன் வாட்ஸ்அப் குழுவில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். கப்பலின் நடைபாதையில் சத்தமாகப் பேசக் கூடாது. நீச்சல்குளத்தில் சேலையோடு இறங்கக் கூடாது. வெயிலில் சாயும் நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கக் கூடாது. அறையைச் சுத்தம் செய்கிறவர்களை 'ஏப்பா' என்று கூப்பிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம். 'நம் ஒருவரால் ஆயிரம் பேர் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. கப்பல் யாருக்காகவும் நிற்காது.' சென்னைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒரு குடும்பம் கொஞ்சம் தாமதமாக வந்தபோது, எல்லார் முன்னாலும் அவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அந்த வீட்டுப் பெண் கண்கலங்கிவிட்டாள்.

கப்பலைப் பார்த்ததும் செல்லக்கிளிக்கு வாயடைத்துவிட்டது. அது கப்பல் மாதிரியே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் கட்டடங்களையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்ததுபோல நின்றது. ஏறியதும் முதல் வேலையாக எல்லாரையும் ஒரு கூடத்தில் நிற்க வைத்து, ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், உயிர்காக்கும் சட்டையை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்கள். நம் ஆட்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு பையன் பாட்டுப் பாடிக்கொண்டே எல்லார் கையிலும் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினான். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டில் மாதிரி ஆட்டியது. இரண்டு மணி நேரம் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா தண்ணீரைப் பார்த்தாள். கணவர் செத்த பிறகு இத்தனை நேரம் அவள் எதையும் நினைக்காமல் இருந்ததில்லை.

அதைக் கெடுத்தது மதியச் சாப்பாடு. மேசைகளில் வரிசையாக அடுக்கியிருந்த இனிப்புகளில் எது என்ன என்று தெரியாமல், ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த செந்தமிழன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மேடம், இது கல்யாணப் பந்தி இல்லைங்க. சாப்பிட முடிஞ்சதை மட்டும் எடுங்க. பாக்குறவங்க திருச்சிக்காரங்களைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"சரிங்க சார்" என்றாள் செல்லக்கிளி. போய் உட்கார்ந்து, பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றாள்.

"விடுடி. ஆளுக்கு வாய்க்கொழுப்பு" என்றாள் டோரதி.

இதைக்கூட அவள் விட்டிருப்பாள். கவுன்டரில் இதைவிட மோசமாகக் கேட்டவள். விட முடியாமல் போனது அன்று சாயங்காலம் நடந்த ஒரு சின்ன விஷயத்தால்.

கப்பலிலும் அவள் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினாள். அப்படி இறங்கி வரும்போது, கீழ்த்தளத்தில் லிப்ட் வாசலில் செந்தமிழன் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தூரத்தில் ஒரு வடக்கத்திப் பெண், சக்கர நாற்காலியில் வயதான தகப்பனாரைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தாள். செந்தமிழன் கதவு மூடாமல் கையை வைத்துத் தடுத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேரை வெளியே வரச் சொன்னார். தானும் வெளியே வந்து நின்றார். நாற்காலி உள்ளே போனதும், கிழவருடைய கால் சால்வை சக்கரத்தில் மாட்டாமல் குனிந்து எடுத்து மடியில் போட்டார். அந்தப் பெண் நன்றி சொன்னாள். "பரவால்லம்மா, லிப்ட் எதுக்கு இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

செல்லக்கிளி படியில் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் இடித்த அந்தச் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. இந்த மனுஷனுக்கு இரக்கம் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இருக்கிறது. முன்பின் தெரியாத கிழவனுக்குக் கொடுக்க இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் கொடுக்கத்தான் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் அவளுடைய கோபம் பழிவாங்கும் எண்ணமாக மாறியது. எப்படி என்று அப்போது தெரியாது.

மறுநாள் கப்பல் திருகோணமலையில் நின்றது. படகு தேவைப்படவில்லை, துறைமுக மேடையை ஒட்டியே நின்றது. முதலில் இறங்கியவர்களில் செந்தமிழனும் ஒருவர். கூட்டத்தோடு போனால் நேரம் வீணாகும் என்று தனியாக ஓர் ஆட்டோ பேசிக்கொண்டு போய்விட்டார். அவருடைய மனைவி அனுசுயாவுக்குத் தலைசுற்றல், அறையிலேயே படுத்துவிட்டாள். செல்லக்கிளியும் டோரதியும் இறங்கும்போது வாசலில் ஆசீர் பதற்றமாக நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, நேரத்தை மாத்திட்டாங்க. கடல் மோசமாகப் போவுதாம், அதனால சாயங்காலம் இல்ல, மதியச் சாப்பாட்டுக்கே எல்லாரும் கப்பலுக்குள்ள இருக்கணும். முன்னாடி போனவங்க யாருக்கும் தெரியாது. போனும் போக மாட்டேங்குது. செந்தமிழன் சாரு கோயில்லதான் இருப்பாரு. பாத்தா மறக்காம சொல்லிடுங்கக்கா."

"சொல்றேன்ப்பா" என்றாள் செல்லக்கிளி. சொல்லிவிடுவதாகத்தான் நினைத்தாள்.

கோணேஸ்வரர் கோயில் கடலுக்கு மேல் நிற்கும் பாறை உச்சியில் இருக்கிறது. போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் ஆடு மாதிரி திரிந்தன. டோரதி, "நீ போய்ச் சாமி கும்பிட்டுட்டு வா, நான் மானைப் பாத்துட்டு இருக்கேன்" என்று கீழேயே நின்றுவிட்டாள். செல்லக்கிளி மட்டும் மேலே போனாள். தரிசனம் முடித்துப் பிராகாரம் சுற்றி வரும்போது, எதிரே பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகச் செந்தமிழன் வந்தார்.

"மேடம், நல்ல தரிசனமா? நான் அடுத்து கன்னியா வெந்நீர் ஊத்துக்குப் போறேன். ராவணன் வெட்டினதுன்னு சொல்றாங்க, குளிச்சிட்டு வந்துடலாம்னு இருக்கேன். கப்பல் நேரம் எதுவும் மாத்தலையே?"

அவராகவே கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். கீழே பாறையில் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

"மாத்தினதா எனக்கு ஒண்ணும் தெரியலங்க சார்" என்றாள்.

"அப்ப சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். ஆட்டோ கிளம்புகிற வரைக்கும் செல்லக்கிளி பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. நெஞ்சு படபடத்தது. பயத்தினால் இல்லை. நல்ல பசி நேரத்தில் சோறு வேகும் வாசனை வருவதுபோல ஒரு படபடப்பு அது என்று ஊர் திரும்பிய பிறகு டோரதியிடம் சொன்னாள்.

மதியம் கப்பலில் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது செந்தமிழனைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"அக்கா, பாத்தீங்களா அவரை?" என்று ஆசீர் ஓடி வந்தான்.

"கண்ணுல படலியேப்பா."

ஒலிபெருக்கியில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். கப்பலின் வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் அனுசுயாவை வரவேற்பு மேசைக்கு அழைத்தார். அனுசுயா தடுமாறிக்கொண்டு வந்தாள். அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகமாக நின்ற செல்லக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கூட வாங்களேன்" என்றாள். செல்லக்கிளி போனாள்.

அதிகாரி சொன்னதை ஆசீர் தமிழில் சொன்னான். அறையிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துத் துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் பத்திரமாக விமானத்தில் ஊருக்குப் போய்ச் சேரலாம். "நீங்களும் இறங்கி அவரோட இருக்கணும்னா இப்பவே இறங்கலாம் ஆன்ட்டி. ஏஜென்ட் பாத்துக்குவாரு. என்ன செய்றீங்க?"

அனுசுயா செல்லக்கிளியின் கையை விட்டாள்.

"நான் இறங்கலப்பா. கப்பல்லயே வந்துடறேன்" என்றாள்.

கயிறுகளை அவிழ்த்து, கப்பல் மேடையை விட்டு ஓர் ஆள் தாண்ட முடியாத அளவுக்கு விலகியிருந்தபோதுதான் அந்த ஆட்டோ வந்தது. வெந்நீர் ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தவரிடம் வேறொரு பயணியைக் கப்பலில் விட்டுவிட்டுத் திரும்பிய கார் டிரைவர் சேதி சொல்லியிருக்கிறார். வேட்டி மாற்றக்கூட நிற்கவில்லை. ஈர வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் துணிப் பையோடு, சட்டை இல்லாமல் செந்தமிழன் மேடையில் ஓடி வந்தார். கப்பலின் எல்லாத் தளத்திலும் ஆட்கள் கம்பியோரம் குவிந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். "ஓடு, ஓடு" என்று பல பாஷையில் குரல் எழுந்தது. செல்போன்கள் நீண்டன. பஸ்ஸுக்குத் தாமதமாக வந்து அவரிடம் ஏச்சு வாங்கிய அந்தப் பெண் எல்லாருக்கும் முன்னால் நின்று படம் எடுத்தாள்.

மேடை முடிகிற இடத்தில் அவர் நின்றார். கையை உயர்த்திக் காட்டினார். கப்பல் நிற்கவில்லை.

ஜங்ஷனில் வேலை பார்த்தபோது, நகரும் ரயிலின் பின்னால் ஓடுகிறவர்களைச் செல்லக்கிளி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அன்று அவளும் கைதட்டினாள். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினாள்.

"நீ அவரைப் பாக்கவே இல்லியா செல்லி?" என்று டோரதி மெல்லக் கேட்டாள்.

"பாத்தேன்."

டோரதி அவள் முகத்தைப் பார்த்தாள். கழுத்துச் சிலுவையை விரலால் தடவிக்கொண்டாள்.

மறுநாள் முழுக்கக் கடலில். அனுசுயாவுக்குத் தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. எந்த நாளும் கட்டிய சேலையை விட்டுவிட்டு, மகள் வாங்கிக் கொடுத்துப் பெட்டியிலேயே கிடந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு வந்தாள். தட்டில் ஐஸ்கிரீம். செல்லக்கிளியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு இருந்தா காலையில ஐஸ்கிரீமான்னு ஆரம்பிச்சுடுவாருக்கா" என்று சிரித்தாள். "நல்ல மனுஷன்தான். ஆனா கூடவே இருந்தா மூச்சு முட்டும். நேத்து இறங்கலைன்னு சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது, எனக்கும் வாய் இருக்குன்னு. ஊருக்குப் போனதும் கப்பல்காரங்கதான் இறங்க விடலைன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்கக்கா."

செல்லக்கிளி தலையசைத்தாள். அனுசுயாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த குழாயைத் திறந்துவிட்டதுபோல வந்தது. மகள், மருமகன், பேரன் என்று சுற்றி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குக்கா. உங்க வீட்டுக்காரர் தவறின அன்னைக்கு, என் பொண்ணு மாசமா எங்க வீட்டுல இருந்தா. எனக்குப் பயமாயிடுச்சு. அந்த லிப்ட்ல கொண்டுபோயிட்டா அப்புறம் அவ எப்படி அதுல ஏறுவான்னு. அவரு முடியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் அழுது, சாப்பிட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சு லிப்டை நிறுத்தச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க."

செல்லக்கிளியின் கையில் இட்லித் துண்டு அப்படியே இருந்தது. முன்தினம் தட்டிய கை. அதைத் தட்டில் வைத்தாள்.

"இட்லி நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேராகவே விமானம் உண்டு. ஆகவே செந்தமிழன் இவர்களுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டார். வீட்டுச் சாவி அனுசுயாவிடம் இருந்தது. சென்னையிலிருந்து பஸ் வந்து நின்றபோது, பார்க்கிங்கில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக இறங்கியவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் லிப்டுக்குள் போனதும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெளியே கேட்டது.

அவர் ஓடிய வீடியோ அதற்கு முன்பே குழுவுக்கு வந்திருந்தது. யாரோ அதில் ரயில் ஊதும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அவருடைய பழைய உபதேசத்தை, 'கப்பல் யாருக்காகவும் நிற்காது' என்பதை, எடுத்து அடியில் போட்டிருந்தார்கள். மருமகனின் ஆபீஸ்வரை அது போனதாகச் சொன்னார்கள். அந்த வாரமே செந்தமிழன் செயலாளர் பதவியை விட்டார். காலை நடைக்கு வருவது நின்றது. கோயிலுக்குக்கூட ஆள் எழுந்திருக்கும் முன்னால் போய்விட்டு வந்தார்.

செல்லக்கிளி அந்த வீடியோவை அடிக்கடி போட்டுப் பார்த்தாள். ஆரம்பத்தில் இனித்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வீடியோவின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் அனுசுயாவிடம் கண் போயிற்று. அதற்குப் பிறகு இனிப்பு குறைந்தது.

ஒருநாள் முற்பகல் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் செந்தமிழன். லிப்டில் வரவில்லை, படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. பாதிப் படிக்கட்டு கீழே, சுவரைப் பிடித்துக்கொண்டு அனுசுயா நின்றாள்.

"மேடம், கோயில்ல நான் உங்ககிட்ட நேரம் கேட்டேன். ஆசீர் உங்ககிட்டதான் சொல்லி அனுப்பினேன்னு சொல்றான். நீங்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலங்க சார்."

"அப்புறம்?"

"தெரிஞ்சுதான் சொல்லல."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். குழப்பம்தான் வந்தது. "ஏங்க?"

"லிப்ட் பழுதுன்னு எழுதி மாட்டினீங்கள்ல சார். என் வீட்டுக்காரரைத் துணியில கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. உங்க வீட்டுக்கு மேல, அந்தத் திருப்பத்துல, அவரு தலை செவத்துல இடிச்சுது. உங்க கதவு சாத்தியிருந்துச்சு. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."

செந்தமிழன் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இடிச்சது எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

செல்லக்கிளி காத்திருந்தாள். இப்போது சொல்வார். நான் இல்லை, என் மனைவிதான் என்று கையைக் காட்டுவார். அப்படிக் காட்டினால் இரண்டு பேரையும் சேர்த்து வெறுத்துவிட்டு நிம்மதியாகக் கதவைச் சாத்தலாம்.

"எழுதினது நான்தான்" என்றார் அவர். "யாரையும் சொல்றதுக்கில்லைங்க. நான் செயலாளர், நான் செஞ்சது. பெரிய தப்பு. அன்னைக்கே வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கைகூப்பினார். அன்று கூப்பியதுபோல இல்லை. தலை குனிந்திருந்தது.

அவர் தோளுக்கு மேலாகச் செல்லக்கிளி அனுசுயாவைப் பார்த்தாள். அனுசுயா சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தன் புருஷன் தனக்காகத் தலைகுனிந்து நிற்பதை, மழைக்கு ஒதுங்கினவள் மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லிப்டை நிறுத்தச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள் செல்லக்கிளி. "அவங்களே கப்பல்ல சொன்னாங்க. நீங்க முடியாதுன்னு சொன்னதையும் சொன்னாங்க."

செந்தமிழன் திரும்பவில்லை. "அது இருக்கட்டுங்க, அவளுக்குப் பயம்..." என்று தொடங்கினார்.

"இன்னொண்ணும் கேளுங்க. திருகோணமலையில உங்களோட இறங்குறீங்களான்னு அவங்களைக் கேட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். கப்பல்காரங்க தடுக்கல. அவங்கதான் இறங்க மாட்டேன்னு சொன்னது. மறுநாள் காலையில சந்தோஷமா ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்க."

கோயிலில் சொன்னது பொய். இது ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் மேடையில் ஓடியபோது இல்லாத ஒரு முகத்தை அவள் இப்போது பார்த்தாள். செந்தமிழன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "விடலைன்னுல்ல சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அனுசுயா சுவரோடு ஒதுங்கினாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவளைத் தாண்டிக் கீழே போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் கேட்டிருக்கும். செந்தமிழன் தன் சாப்பாட்டைத் தானே கீழ்த் தெரு மெஸ்ஸில் வாங்கிவர ஆரம்பித்தார். மனைவியை ஒரு குறையும் சொல்லவில்லை, ஓர் உபதேசமும் செய்யவில்லை. இத்தனை வருஷம் எதற்கு மூச்சு முட்டியதோ அது அடியோடு நின்றுபோயிற்று.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகலில், செல்லக்கிளி ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மெயின்கார்டு கேட்டில் அனுசுயா ஏறினாள். வேறு இடம் காலியில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"அதை நீங்க அவர்கிட்ட சொல்லியிருக்க வேணாம்" என்றாள் அனுசுயா. குரலில் சண்டை இல்லை. "என்கிட்ட மொகம் குடுத்தே பேசுறதில்ல. திட்டினாக்கூடத் தேவலாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"அவரு உங்களை விட்டுக்குடுக்காம நின்னாரு. நீங்க பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தீங்க. எனக்குப் பொறுக்கல." மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "அவருக்குச் செஞ்சதுக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கு. அதை அவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிடுவேன். உங்களுக்குச் செஞ்சதுக்கு இல்ல."

அனுசுயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள். செல்லக்கிளி அவள் இறங்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள். இறங்கியதும், தானும் அதே நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள்தான் என்றாலும், இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய், அங்கிருந்து வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள்.